இலவச மென்பொருளுக்கு யார் காசு கொடுத்தார்கள்? – இணையக் கடைகளும் நீட்சி வியாபாரமும்

1985-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஒரு காந்த நாடாவை 150 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தார். நாடாவில் இருந்தது ஈமாக்ஸ் என்ற மென்பொருள். எழுதியவரும் அவர்தான், "யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம்" என்று அறிவித்தவரும் அவர்தான். வலைப்பின்னல் இணைப்பு இருந்தவர்கள் சும்மாவே இறக்கிக்கொண்டார்கள். இல்லாதவர்கள் காசு அனுப்பினால் நாடா தபாலில் வரும். முந்தைய வருடம்தான் எம்ஐடி வேலையை விட்டிருந்த ஸ்டால்மனுக்கு இந்த நாடா வியாபாரம் வயிற்றுப்பாட்டுக்கு உதவியது.

கட்டற்ற மென்பொருள் என்றாலே காசு வாங்கக் கூடாது என்று இன்றைக்கும் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு விதி ஜிபிஎல் உரிமத்தில் எங்கேயும் இல்லை. எவ்வளவுக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஒரே நிபந்தனை, வாங்கியவர் அதைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கு நகல் எடுத்துக் கொடுக்கலாம், ஏன், தானே கடை போட்டு விற்கலாம். இதைத் தடுக்க விற்றவருக்கு உரிமை கிடையாது.

அப்படியென்றால் விற்பவர் உண்மையில் எதைத்தான் விற்கிறார்? ஸ்டால்மன் விற்றது நாடாவையும் தபால் செலவையும். இணையம் வந்தபிறகு நாடாவும் இல்லை, தபாலும் இல்லை. இந்தக் கேள்விக்கு நல்ல பதில் தேடியவர்கள் இணையக் கடை மென்பொருள் எழுதியவர்கள். அவர்கள் கதையில் கொஞ்சம் தாராள மனசு, கொஞ்சம் கணக்குப் புத்தி, ஒரு பெரிய மனஸ்தாபம் எல்லாமே உண்டு.

எல்லாமே சும்மா கிடைத்த காலம்

2000 மார்ச்சில் ஜெர்மனியில் ஹரால்ட் போன்ஸ் டி லியோன் என்பவர் 'தி எக்ஸ்சேஞ்ச் ப்ராஜெக்ட்' என்று ஒன்றைத் தொடங்கினார். பிறகு அதற்கு ஓஎஸ்காமர்ஸ் என்று பெயர் வந்தது. பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் இரண்டும் இருக்கிற எந்த மலிவான வழங்கியிலும் ஓடும். உரிமம் ஜிபிஎல். அன்றைக்கு ஒரு இணையக் கடை வைக்க வேண்டுமென்றால் பெரிய நிறுவனங்களிடம் போய்ப் பெரிய தொகை கொடுக்க வேண்டும். ஓஎஸ்காமர்ஸ் வந்ததும் மெழுகுவர்த்தி விற்பவர், பழைய புத்தகம் விற்பவர் எல்லாரும் கடை திறக்க முடிந்தது.

ஒவ்வொரு கடைக்காரருக்கும் ஒவ்வொரு தேவை. ஒருவருக்குக் கூப்பன் வேண்டும், இன்னொருவருக்குத் தன் ஊர்க் கூரியரின் கட்டணப் பட்டியல் வேண்டும். தேவைப்பட்டவர் தானே எழுதிக்கொண்டார், எழுதியதை ஓஎஸ்காமர்ஸ் தளத்தில் மற்றவர்களுக்காகப் போட்டுவைத்தார். இதற்கு 'கான்ட்ரிப்யூஷன்' என்று பெயர். ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. எல்லாம் இலவசம். கேட்டால் காந்தி கணக்கு :-)

ஆனால் அவற்றை நிறுவுவது இருக்கிறதே, அது தனிக் கொடுமை. கான்ட்ரிப்யூஷனை இறக்கினால் உள்ளே ஒரு குறிப்புக் கோப்பு இருக்கும். "இந்தக் கோப்பைத் திற. இந்த வரியைக் கண்டுபிடி. அதற்குக் கீழே இந்தப் பன்னிரண்டு வரிகளை ஒட்டு. அடுத்த கோப்பைத் திற..." என்று நீண்டுகொண்டே போகும். கடையின் மூலநிரலையே கையால் கீறித் தைக்க வேண்டும். முதல் கான்ட்ரிப்யூஷன் எப்படியோ ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது வரும்போது "இந்த வரியைக் கண்டுபிடி" என்று சொன்ன வரியே அங்கே இருக்காது, முதலாவது அதை ஏற்கெனவே மாற்றியிருக்கும். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் கடை முழுக்க வெள்ளைத் திரை.

பத்து கான்ட்ரிப்யூஷன் போட்ட கடை உலகத்தில் அது ஒன்றுதான். அதேபோல் இன்னொன்று இருக்காது. அதனால் ஓஎஸ்காமர்ஸின் புதுப் பதிப்பு வந்தாலும் அதை ஏற்ற முடியாது, ஏற்றினால் தைத்ததெல்லாம் பிய்ந்துவிடும். புதுப் பதிப்பும் அப்படியொன்றும் வேகமாக வரவில்லை. 2003-ல் வந்த 2.2 மைல்ஸ்டோன் 2-ஐ வைத்தே உலகம் வருடக்கணக்கில் காலம் தள்ளியது. அடுத்த முழுமையான பதிப்பான 2.3 வந்தது 2010 நவம்பரில். இடையில் முன்னோட்டப் பதிப்புகள்தான். பொறுமை இழந்த சிலர் 2003-லேயே நிரலை எடுத்துக்கொண்டு ஜென் கார்ட் என்று தனிக்கிளை தொடங்கிப் போய்விட்டார்கள்.

இந்தக் காலத்தில் காசு பார்த்தவர்கள் யார்? கான்ட்ரிப்யூஷன் எழுதியவர்கள் இல்லை. அதைக் கடைக்காரருக்கு நிறுவிக் கொடுத்தவர்கள், மணிக்கணக்கில் கூலி வாங்கிய நிரலர்கள். எழுதியவருக்குக் கிடைத்தது "நன்றி, ஆனால் என் கடையில் வேலை செய்யவில்லையே" என்ற மடல்கள். இதை அந்தக் காலத்துப் பெருந்தன்மை என்று புகழ்ந்து எழுதுபவர்கள் உண்டு. பெருந்தன்மை இருந்தது உண்மைதான். அதோடு, விற்க நினைத்திருந்தாலும் விற்கத் தோதான வடிவத்தில் அந்தப் பொருள் இல்லை என்பதும் உண்மை. ஒரு வரிக்குக் கீழே பன்னிரண்டு வரி ஒட்டு என்கிற காகிதத்தை எப்படிப் பொட்டலம் கட்டி விலை போடுவது?

கொக்கி

பொட்டலம் கட்ட வழி வேறொரு இடத்திலிருந்து வந்தது. 2004 மே மாதம் வந்த வேர்ட்பிரஸ் 1.2-ல் நீட்சிகளுக்கான ஒரு ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அதன் அடிப்படை 'ஹூக்', அதாவது கொக்கி. மூலநிரல் தன் வேலையைச் செய்துகொண்டே போகும். சில குறிப்பிட்ட இடங்களில் நின்று, "இங்கே யாருக்காவது ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று குரல் கொடுக்கும். நீட்சி தனக்கென்று ஒரு தனிக் கோப்புறையில் இருக்கும். "இந்த இடத்தில் என்னைக் கூப்பிடு" என்று முன்கூட்டியே பெயர் கொடுத்து வைத்திருக்கும். மூலநிரலில் ஒரு எழுத்தைக்கூடத் தொட வேண்டியதில்லை.

கேட்க ரொம்பச் சின்ன விஷயம். ஆனால் இதனால்தான் நீட்சி ஒரு சரக்கு ஆயிற்று. ஜிப் கோப்பாகக் கட்டலாம், பெயர் வைக்கலாம், பதிப்பு எண் போடலாம். பிழை வந்தால் எல்லாக் கடைகளிலும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கலாம். பிடிக்கவில்லையென்றால் கழற்றலாம். கழற்ற முடிகிற பொருளுக்குத்தான் விலை சொல்ல முடியும்.

வேர்ட்பிரஸ்ஸில் முதலில் பேர் வாங்கிய கடை நீட்சி நியூசிலாந்தில் டேன் மில்வர்ட் என்பவரின் இன்ஸ்டிங்க்ட் நிறுவனம் எழுதிய டபிள்யூபி ஈ-காமர்ஸ். அடிப்படை நீட்சி இலவசம். பொருட்களைக் கட்டம்கட்டிக் காட்டுவது, கூடுதல் பணப்பட்டுவாடா வழிகள் போன்ற சில வசதிகள் வேண்டுமென்றால் 'கோல்ட் கார்ட்' என்ற இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பின்னால் வந்த எல்லாருடைய சூத்திரமும் கிட்டத்தட்ட இதிலேயே இருக்கிறது.

நடுவில் ஒரு பெரிய சண்டையும் நடந்தது. 2007, 2008 வாக்கில் வேர்ட்பிரஸ்ஸுக்கான தீம்களைக் காசுக்கு விற்கும் கடைகள் முளைத்தன. பலர் "ஒரு தளத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது" என்று தங்கள் இஷ்டத்துக்கு உரிமம் எழுதினார்கள். வேர்ட்பிரஸ் ஜிபிஎல், அதோடு ஒட்டி ஓடுவதும் ஜிபிஎல்லாகத்தான் இருக்க வேண்டும் என்றது வேர்ட்பிரஸ் தரப்பு. 2008 டிசம்பரில், ஜிபிஎல் அல்லாத தீம்களை விற்கும் தளங்களுக்குச் சுட்டி கொடுத்த காரணத்துக்காகச் சுமார் 200 இலவசத் தீம்கள் அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து தூக்கப்பட்டன. 2010 ஜூலையில் வேர்ட்பிரஸ் நிறுவனர் மேட் முல்லன்வெக்கும் தீசிஸ் தீமின் கிறிஸ் பியர்சனும் நேரலையில் வாதாடினார்கள். சில நாட்களில் பியர்சன் இறங்கிவந்து பிஎச்பி பகுதியை மட்டும் ஜிபிஎல் ஆக்கினார். வழக்கு மன்றம் வரை போகாததால் சட்டக் கேள்விக்குத் தீர்ப்பு என்று எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஊர் வழக்கம் என்று ஒன்று உருவாகிவிட்டது: காசுக்கு விற்கலாம், ஆனால் ஜிபிஎல்லில் விற்க வேண்டும்.

அப்படி ஜிபிஎல்லுக்கு மாறிய தீம் கடைகளில் ஒன்று வூதீம்ஸ். 2008-ல் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவின் ஆடி பீனார், மார்க் ஃபாரஸ்டர், நார்வேயின் மேக்னஸ் ஜெப்சன் என்று மூன்று பேர். கம்பெனி தொடங்கியபோது மூவரும் நேரில் சந்தித்துக்கொண்டதே இல்லை.

ஜிகோஷாப்பும் வூகாமர்ஸும்

2011-ல் பிரிட்டனைச் சேர்ந்த ஜிகோவாட் என்ற சிறிய நிறுவனம் ஜிகோஷாப் என்ற கடை நீட்சியை வெளியிட்டது. சுத்தமான நிரல், எளிய அமைப்பு, ஜிபிஎல் உரிமம். அதுவரை இருந்த நீட்சிகளோடு மல்லுக்கட்டிச் சலித்திருந்தவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். அதை எழுதியதில் முக்கியப் பங்கு மைக் ஜாலி, ஜேம்ஸ் கோஸ்டர் என்ற இரண்டு ஊழியர்களுடையது.

தீம் விற்றுக்கொண்டிருந்த வூதீம்ஸுக்கும் ஒரு கடை நீட்சி வேண்டியிருந்தது. ஜிகோவாட்டோடு பேசிப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. அடுத்து நடந்ததுதான் மனஸ்தாபத்துக்குக் காரணம். ஜாலியும் கோஸ்டரும் வூதீம்ஸில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஜிகோஷாப் நிரலை எடுத்துக் கிளை பிரித்து, 2011 செப்டம்பர் 27 அன்று வூகாமர்ஸ் என்ற பெயரில் வெளியிட்டார்கள். சில மாதங்களே வயதான ஜிகோஷாப்புக்கு அதே ரத்தத்தில் ஒரு போட்டியாளர்.

சட்டப்படி இதில் தப்பே இல்லை. ஜிபிஎல் இதை வெறுமனே அனுமதிக்கவில்லை, இது நடக்க முடிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த உரிமமே எழுதப்பட்டது. வேர்ட்பிரஸ்ஸே 2003-ல் பி2 என்ற மென்பொருளிலிருந்து பிரிந்த கிளைதான். ஆனால் பி2-வை அதை எழுதியவர் கவனிக்காமல் விட்டிருந்த நேரம் அது. ஜிகோஷாப் அப்படியில்லை. உயிரோடு, ஓடி ஆடிக்கொண்டிருந்த திட்டம். நீட்சிகளை விற்றுப் பிழைக்கலாம் என்று அவர்களும்தான் திட்டமிட்டிருந்தார்கள்.

ஜிகோவாட் பக்கம் நின்று பார்த்தால், சம்பளம் கொடுத்து எழுத வைத்த நிரலும் போயிற்று, எழுதிய ஆட்களும் போனார்கள். வூதீம்ஸ் பக்கம் நின்று பார்த்தால், உரிமம் சொன்னபடிதான் நடந்தார்கள், ஆட்களுக்கு நல்ல வேலையும் கொடுத்தார்கள், தாங்கள் எழுதியதையும் அதே உரிமத்தில் திருப்பி வைத்தார்கள். அன்றைக்கு வலைப்பதிவுகளில் இரண்டு கட்சியும் காரசாரமாக மோதிக்கொண்டது. இன்று நிதானமாக யோசித்தால், ஜிகோவாட்டின் வருத்தம் நியாயமானது, ஆனால் அதைத் தீர்க்கிற மாதிரி உரிமத்தை மாற்றி எழுதினால் அது கட்டற்ற உரிமமாக இருக்காது. இரண்டையும் சேர்த்தே விழுங்க வேண்டும்.

ஜிகோஷாப் அதன்பிறகும் சில வருடங்கள் தொடர்ந்தது, கை மாறியது, மெல்ல மங்கியது. நிரல் ஏறக்குறைய ஒன்றாக இருந்தபோது ஒன்று ஓங்கி இன்னொன்று தேய்ந்ததற்கு ஒரு காரணம், வூதீம்ஸிடம் ஏற்கெனவே காசு கொடுத்துப் பழகிய ஆயிரக்கணக்கான தீம் வாடிக்கையாளர்கள் இருந்ததுதான். நிரலைக் கிளை பிரிக்கலாம், கல்லாவைக் கிளை பிரிக்க முடியாது.

79 டாலருக்கு என்ன கிடைத்தது?

வூகாமர்ஸ் இலவசம். பொருள் போடலாம், கூடையில் சேர்க்கலாம், காசு வாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீட்சி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை: 49 டாலர், 79 டாலர், 199 டாலர் என்று. எடைக்கும் ஊருக்கும் ஏற்ற அனுப்பும் கட்டணம், முன்பதிவு, இன்ன வங்கியின் பணப்பட்டுவாடா வழி என்று பட்டியல் நீண்டது. எல்லாவற்றையும் வூதீம்ஸே எழுதவில்லை. மாதச் சந்தா வசூலிக்கும் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' நீட்சியை எழுதியது ப்ராஸ்ப்ரஸ் என்ற வெளி நிறுவனம். வூதீம்ஸ் தன் கடையில் வைத்து விற்றுக் கொடுத்து ஒரு பங்கை எடுத்துக்கொண்டது.

இந்த நீட்சிகளும் ஜிபிஎல்தான். ஒருவர் வாங்கி ஊருக்கே பகிர்ந்தாலும் கேட்க முடியாது. சிலர் அதையே தொழிலாகவும் வைத்துக்கொண்டார்கள். எல்லா நீட்சிகளையும் ஒரு முறை வாங்கி, சல்லிசு விலைக்குத் தங்கள் தளத்தில் விற்றார்கள். பெயரையும் முத்திரையையும் தப்பாகப் பயன்படுத்தினால்தான் சட்டம் குறுக்கே வரும், நிரலை விற்பதற்கு வராது.

ஆனாலும் பெரும்பாலான கடைக்காரர்கள் மூலக் கடையில்தான் வாங்கினார்கள். அவர்கள் வாங்கியது நிரலை அல்ல, ஒரு சாவியை. அந்தச் சாவி இருந்தால் புதுப் பதிப்புகள் தானாக வரும், சந்தேகம் கேட்டால் பதில் வரும். மற்ற மென்பொருட்களில் இதை அலட்சியம் செய்யலாம், கடை மென்பொருளில் முடியாது. ஏனென்றால் உலகம் சும்மா இருப்பதில்லை. 2015 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருட்களுக்கு வாங்குபவரின் நாட்டு வாட் வரியை வசூலிக்கச் சொன்னது. 2017 ஜூலை 1-ல் இந்தியாவில் ஜிஎஸ்டி வந்து, அதற்கு முந்தின நாள் வரை ஓடிய வரிக்கணக்கு ஒரே இரவில் செல்லாமல் போயிற்று. 2018-ல் பேபால் பழைய பாதுகாப்பு நெறிமுறைகளைக் கைவிட்டது. 2019 செப்டம்பரில் ஐரோப்பாவில் அட்டைப் பணத்துக்கு இரட்டைச் சரிபார்ப்பு விதி நடைமுறைக்கு வரத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் சம்பந்தப்பட்ட நீட்சியை யாராவது உட்கார்ந்து திருத்த வேண்டும். திருத்தாத நீட்சி ஒரு வெள்ளிக்கிழமை இரவு காசு வாங்காமல் நின்றுவிட்டால், கடைக்காரருக்கு அந்த ஒரு இரவில் போகும் நஷ்டமே 79 டாலரைத் தாண்டிவிடும்.

ஸ்டால்மனின் நாடா இருந்த இடத்தில் இப்போது இந்தப் பராமரிப்பு வந்து உட்கார்ந்தது.

இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. ஆரம்பத்தில் வூதீம்ஸ் ஒரு முறை காசு வாங்கிக்கொண்டு ஆயுள் முழுக்கப் புதுப்பிப்பும் உதவியும் தருவதாகச் சொல்லியிருந்தது. விற்பனை ஏறிக்கொண்டே போகிறவரை இது அருமையான திட்டம். ஆனால் 2011-ல் வாங்கியவர் 2013-லும் கேள்வி கேட்பார், 2020-லும் கேட்பார். அவருக்குப் பதில் சொல்கிறவரின் சம்பளத்தை இன்று புதிதாக வாங்குபவர்தான் கட்ட வேண்டும். பழையவர்கள் கூடக்கூடப் புதியவர்கள் அதைவிட வேகமாகக் கூட வேண்டும். இப்படி ஒரு சீட்டு நடத்தினால் எந்த ஊரிலும் ஒருநாள் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

2013-ல் வூதீம்ஸ் அந்த வாக்குறுதியை நிறுத்தியது. இனி சாவி ஒரு வருடத்துக்கு மட்டும், தளங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப விலை என்றது. வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் காலக்கெடு விதிக்கப் பார்த்ததுதான் அதிகம் சுட்டது. எதிர்ப்பைப் பார்த்துப் பழையவர்கள் விஷயத்தில் வூதீம்ஸ் இறங்கிவர வேண்டியதாயிற்று. கோபப்பட்டவர்களைக் குறை சொல்ல முடியாது, 'ஆயுள்' என்று எழுதித்தானே விற்றார்கள். ஆனால் மாற்றம் வராமல் இருந்திருந்தால் வாக்குறுதியைக் காப்பாற்ற நிறுவனமே இருந்திருக்காது. 2017-ல் புதுப்பித்தலுக்குக் கொடுத்துவந்த 50 சதவீதத் தள்ளுபடியும் எடுக்கப்பட்டது. அதற்குள் வருடச் சந்தா என்பது எல்லா நீட்சிக் கடைகளிலும் வழக்கமாகிவிட்டிருந்தது.

கடைக்காரர் பக்கம் என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். "மென்பொருள் இலவசம்" என்று கேள்விப்பட்டு வந்தவர், பத்து நீட்சி வாங்கியபிறகு கணக்குப் பார்த்தால் வருடத்துக்குப் பல நூறு டாலர். கனடாவின் ஷாப்பிஃபை போன்ற சேவைக்கு மாதக் கட்டணம் கட்டுபவரைவிட இது மலிவா என்று அடித்துச் சொல்ல முடியாது. வித்தியாசம் ஒன்றுதான். சந்தா கட்டுவதை நிறுத்தினால் ஷாப்பிஃபை கடை மூடிவிடும். வூகாமர்ஸில் நீட்சிச் சந்தா முடிந்தாலும் கடை ஓடும், வாங்கிய நிரல் கையில் இருக்கும், வேறொரு நிரலரை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். அந்த உரிமையை எத்தனை பேர் உண்மையில் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு விஷயம். வீட்டில் தீயணைப்பான் வைத்திருப்பது மாதிரிதான் அது.

எதை இலவசத்தில் விடுவது?

இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடம் உள்ளேயே இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அடிப்படை மென்பொருளை எழுதுபவரும் நீட்சியை விற்பவரும் ஒருவரே. ஒரு நல்ல வசதியை அடிப்படையிலேயே சேர்த்தால் எல்லாருக்கும் நல்லது, ஆனால் ஒரு நீட்சியின் விற்பனை போகும். வெளியாள் ஒருவர் அந்த வசதியை எழுதி இலவசமாகக் கொண்டுவந்து கொடுத்தால்? ஏற்றுக்கொண்டால் கல்லாவில் துண்டு விழும், மறுத்தால் "ஓப்பன் சோர்ஸ் என்று சொல்லிக்கொள்கிறீர்களே" என்று கேள்வி வரும். "எல்லாருக்கும் தேவையானது அடிப்படையில், சிலருக்குத் தேவையானது நீட்சியில்" என்பது வழக்கமான பதில். நல்ல பதில்தான். ஆனால் எது எல்லாருக்கும் தேவை என்று முடிவு செய்கிறவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

மற்றவர்கள் இந்தச் சங்கடத்தை வேறு விதமாகச் சமாளித்தார்கள். கலிபோர்னியாவின் வேரியன் நிறுவனம் முதலில் ஓஎஸ்காமர்ஸைக் கிளை பிரிக்க நினைத்து, பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டு மஜென்டோவைப் புதிதாகவே எழுதியது. 2008 மார்ச் 31-ல் முதல் பதிப்பு. அடுத்த வருடமே பெரிய நிறுவனங்களுக்காக ஒரு காசுப் பதிப்பைத் தனியாகக் கொண்டுவந்தது. அதாவது நீட்சியாக அல்ல, மென்பொருளையே மேல்வகுப்பு, கீழ்வகுப்பு என்று பிரித்தது. 2011-ல் ஈபே வாங்கியது, 2018-ல் அடோபி 168 கோடி டாலருக்கு வாங்கியது. பணம் என்று பார்த்தால் வெற்றிதான், ஆனால் இலவசப் பதிப்பை நம்பியிருந்த சின்னக் கடைகள் தங்களைக் கவனிக்க ஆளில்லை என்று புலம்பிக்கொண்டே இருந்தன. பாரிஸில் எபிடெக் மாணவர்களின் திட்டமாகத் தொடங்கி 2007-ல் நிறுவனமான பிரெஸ்டாஷாப்போ வூகாமர்ஸ் மாதிரியே நீட்சிச் சந்தையை நம்பியது. இந்த இரண்டும் ஜிபிஎல்லில் இல்லை, ஓஎஸ்எல் என்ற உரிமத்தில் இருந்தன. அதனால் நீட்சி எழுதுபவர்கள் தங்கள் நிரலை மூடியே விற்க முடிந்தது. மஜென்டோவில் சில நீட்சிகள் மறைகுறியாக்கப்பட்டே வந்தன. காசு கொடுத்து வாங்கியவர்கூட உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க முடியாது.

சதவீதத்தின் பக்கம்

2015 மே 19 அன்று வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் வூதீம்ஸை வாங்கியதாக அறிவித்தது. விலை சுமார் 3 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அப்போது வூகாமர்ஸ் 75 லட்சம் முறை இறக்கப்பட்டிருந்தது. 2019 டிசம்பரில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் எழுதிய ப்ராஸ்ப்ரஸ்ஸும் ஆட்டோமேட்டிக்கோடு சேர்ந்தது.

இதற்கிடையில் ஒரு சின்ன மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. அட்டைப் பணம் வாங்கும் ஸ்ட்ரைப் நீட்சியை வூகாமர்ஸ் முன்பு காசுக்கு விற்றுக்கொண்டிருந்தது. பிறகு அதை இலவசமாக்கிவிட்டது. தாராளம் என்று நினைக்கத் தோன்றும். 2020 மே மாதம் 'வூகாமர்ஸ் பேமென்ட்ஸ்' வந்தபோது காரணம் விளங்கியது. ஸ்ட்ரைப்பின் அமைப்பின் மேல் கட்டப்பட்டது, நீட்சி இலவசம். அமெரிக்காவில் உள்ளூர் அட்டைக்கு ஒவ்வொரு விற்பனையிலும் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும் கட்டணம். 100 டாலருக்கு ஒரு ஜோடி செருப்பு விற்றால் 3 டாலர் 20 சென்ட். இதில் பெரும்பகுதி வங்கி, அட்டை நிறுவனம், ஸ்ட்ரைப் என்று பிரிந்துபோகும், மிஞ்சுவது சில்லறைதான். ஆனால் அந்தச் சில்லறை ஒவ்வொரு செருப்புக்கும் வரும். வருடக் கடைசியில் "புதுப்பிக்கவில்லையா?" என்று யாரையும் கெஞ்ச வேண்டாம். நிரலை யார் நகல் எடுத்துப் போனாலும் கவலை இல்லை, வங்கியோடு போட்ட ஒப்பந்தத்தை நகல் எடுக்க முடியாதே.

நீட்சி விற்பனை நின்றுவிடவில்லை, இன்றும் நடக்கிறது. ஆனால் 2011-ல் 79 டாலர் நீட்சிதான் இலவச மென்பொருளைச் சுமந்த தூண். இப்போது கடையில் புரளும் பணத்தில் ஒரு துளியும் சேர்ந்து சுமக்கிறது. இதனால் சங்கடமும் இடம் மாறியது. முன்பு "எந்த வசதியை வெளியே விற்பது" என்ற சபலம். இப்போது "எந்தப் பணவழியை முதலில் காட்டுவது" என்ற சபலம். கடை நிறுவும்போது வரும் முதல் திரையில் எந்தப் பெயர் மேலே இருக்கிறது என்று பார்த்தாலே புரியும்.

எல்லாவற்றுக்கும் முன்னோடியான ஓஎஸ்காமர்ஸை 2021-ல் பிரிட்டனின் ஹோல்பி நிறுவனம் வாங்கியது. 2022-ல் நான்காம் பதிப்பு வெளிவந்தது. அதில் இப்போது ஒரு ஆப் கடை இருக்கிறது. கோப்பைத் திறந்து வரியைத் தேடும் வேலை அதில் இல்லை, சொடுக்கினால் போதும். சில ஆப்கள் இலவசம். மற்றவற்றின் பக்கத்தில் விலை போட்டிருக்கிறது.